பாஷாவுக்கு ஓர் அர்ச்சனை

மத்தியானம் சோறுண்டதும் மருமகள் துருக்கி நாடகம் ஒன்றைப் போட்டுவிட்டு உட்காருகிறாள். தமிழில்தான் பேசுகிறார்கள், ஆனால் வாய் ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் போகிறது. அவளுக்குக் கதாநாயகன் மேல் கண். எனக்குக் குதிரைகள் மேல். நேற்று ஒரு ஆள் குதிரையிலிருந்து இறங்கினான். எல்லோரும் "பாஷா, பாஷா" என்று குனிந்தார்கள். "இவன் நம்ம பாஷா மாதிரியே இல்லையே" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "நம்ம பாஷாவா? அது யாருங்க அத்தை?" என்று அவள் சிரித்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம். உள்ளறைக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கிடந்த புத்தகத்தை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பசையில் மயில்துத்தம் கலந்த வாசம் இன்னும் லேசாக இருக்கிறது. பூச்சி அரிக்காமல் இருக்க அதைக் கலப்பார்கள் என்று சொன்னவள் ஜெய்த்தூன். அவளுடைய அப்பா கோட்டைமேட்டில் புத்தகம் பைண்டிங் செய்கிறவர். அவள் விரலிலும் அந்த வாசம் அடிக்கும். ஒரே சோற்றுப் போசியில் இருவரும் கைவிட்டுச் சாப்பிட்டதால் எனக்குத் தெரியும்.

சிங்காநல்லூரில் ஒரு மில்லில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற வேலை. உள்ளே மிஷின் சத்தத்தில் பேச முடியாது. அதனால் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்காருவோம், தலையெல்லாம் பஞ்சோடு. அப்போதுதான் ஜெய்த்தூன் அந்தப் புத்தகத்தை வாசிப்பாள். பைண்டிங்குக்குக் கொடுத்த யாரோ திரும்பி வாங்க வரவே இல்லையாம். துருக்கித் தளபதி ஒருவருடைய சரித்திரம். அவர் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை. பாஷா என்பது பட்டம்தான், ஆனால் எங்களுக்கு அதுவே பேராகிவிட்டது.

சின்ன ஊரில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே பட்டாளப் பள்ளிக்கூடம் போனவர். பனியில் சண்டை, மணலில் சண்டை. படிப்படியாக ஏறித் தளபதி ஆனபோது தாடி நரைத்துவிட்டது. பெரிய கோட்டை கொத்தளம் ஏதுமில்லாத ஒரு ஊரைக் காப்பாற்ற அவரை அனுப்பினார்கள். எதிராளி வருவதற்குள் ஊரைச் சுற்றிலும் பள்ளம் வெட்டி, மண்ணைக் கரையாகப் போட்டு உள்ளே இருந்துகொண்டார். மாசக் கணக்கில் யாராலும் அசைக்க முடியவில்லை.

அந்த இடம் வந்தால் மாராக்காவின் கையில் இருக்கும் சோற்றுருண்டை வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நிற்கும். எங்களில் மூத்தவள் அவள். புருசன் இல்லை. ஒரே மகன், பட்டாளத்தில்.

"இத்தனை வெட்டறானே, அந்தூரு மண்ணு என்ன மண்ணு? செம்மண்ணா, கரிசலா?"

"அதெல்லாம் புஸ்தகத்துல போடலீங்க்கா."

"அதைய எழுதாம என்ன சரித்திரம் எழுதிப்போட்டான்?"

எல்லையில் சண்டை மூண்ட சமயம் அது. ஒரு திங்கட்கிழமை மாராக்கா திருநீறும் தேங்காய்ச் சில்லும் கொண்டுவந்தாள். கொடுமுடிக்குப் போய் பாஷா பேருக்கு அர்ச்சனை செய்தாளாம்.

ஜெய்த்தூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க பாஷாவுக்கு உங்க கோயில்லயாங்க்கா?"

"சிரி சிரி. ஐயரும் இப்படித்தான் பார்த்தாரு. பேரு பாஷாங்கன்னேன். நச்சத்திரம் என்னன்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"உத்திரட்டாதின்னு எம்பையனோடதைச் சொல்லிப்போட்டேன். அவனும் சண்டையிலதான இருக்கறான்."

அதற்கப்புறம் ஒருத்தியும் சிரிக்கவில்லை. ஜெய்த்தூன் முதல் ஆளாகக் கைநீட்டித் தேங்காய்ச் சில்லை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த மாசம் ஜெய்த்தூனுக்குப் பாலக்காட்டில் கல்யாணம் முடிவானது. "நீ படிச்சுக் காட்டு புள்ள. பாதியில உட்றாத" என்று புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நான் அஞ்சாவது வரைக்கும்தான். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அதுவும் மனசுக்குள். பத்துப் பேர் முன்னால் வாய் திறந்தால் தொண்டை ஒட்டிக்கொள்ளும். "நாளைக்குப் படிக்கறனுங்க்கா" என்று ஒரு வாரம் ஓட்டினேன்.

அந்த வாரம்தான் மாராக்காவுக்கு மகனிடமிருந்து கடுதாசி நின்று மூன்று மாசம் ஆனது.

வீட்டில் விரலை வைத்துப் படித்துப் பழகினேன். ஊருக்குள் தானியம் தீர்ந்தது. பாஷா படையோடு வெளியே பாய்ந்தார். காலில் குண்டு பட்டது. ஒரு குடிசையில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். எதிராளி உள்ளே வந்தான். பாஷா இடுப்பிலிருந்து வாளைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். பக்கத்தின் கடைசி வரி அது. தாளைத் திருப்பப் பயந்து புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள், "மிச்சப் பக்கமெல்லாம் கிழிஞ்சிருக்குதுங்க்கா" என்றேன். நான் அவ்வளவு கூட்டத்தில் தைரியமாகச் சொன்ன ஒரே பேச்சு, அதுவும் பொய்.

மாராக்கா போசியில் ஒட்டியிருந்த பருக்கையை வழித்தாள். பிறகு, "செரி உடு கண்ணு. கிழிஞ்ச பக்கத்துல உசுரோடதான் இருப்பான்" என்றாள். போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது என்னை மட்டும் கேட்டாள்: "ஏம் அம்மணி, எதிராளி கையில மாட்டுனவங்களை என்ன பண்ணுவாங்க? புஸ்தகத்துல ஏதாச்சும் போட்டிருந்துதா?"

"தெரியலீங்க்கா" என்றேன். அது பொய்யில்லை.

கொஞ்ச நாளில் அவள் வேலையை விட்டு வெள்ளகோவிலில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் வந்தானா, கடுதாசியாவது வந்ததா என்று கேட்டு எழுத எனக்குக் கை வரவில்லை. வரவில்லையென்று பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

நேற்றுத்தான் அந்தத் தாளைத் திருப்பினேன். எதிராளி நாட்டு ராஜாவே நேரில் வந்தாராம். உம்மைப் போல் ஒரு வீரனைக் கண்டதில்லை என்று பாஷாவின் வாளைத் திருப்பிக் கொடுத்தாராம். சிறையில் மரியாதையாக வைத்திருந்து, சண்டை முடிந்ததும் அனுப்பிவிட்டார்களாம். ஊர் திரும்பி ரொம்ப வருசம் இருந்திருக்கிறார். எல்லாம் அந்தத் தாளுக்குப் பின்புறம் இருந்தது. வாய்விட்டே படித்தேன். தொண்டை ஒட்டவில்லை.

மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். சைக்கிள் ஸ்டாண்டு இருந்த பக்கம் கார்கள் நிற்கின்றன. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதுவதில்லை. ஜெய்த்தூன் எந்த ஊரில் யார் வீட்டில் இருக்கிறாளோ, உயிரோடுதான் இருக்கிறாளோ என்னவோ. மாராக்கா இருந்தால் நூறு வயதைத் தாண்டியிருக்கும்.

அவளுடைய மகனின் பேரை நேற்றிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், வரவே மாட்டேன் என்கிறது. உத்திரட்டாதி மட்டும் ஞாபகம் இருக்கிறது.