செருப்பில் எழுதியிருந்த நம்பர்

அன்று ஃபிளாட்டுக்குக் கீழே போட்ட கூடாரத்தில் இருந்தவர்கள் இவர்கள். பெட்டியில் சித்தப்பா. பெட்டியின் தலைமாட்டில் சித்தி. சித்தியின் கையைப் பிடித்தபடி அம்மா. கூடாரத்துக் கம்பியில் சாய்ந்துகொண்டு, யாரோடும் பேசாமல், அப்பா. ஐந்தாவது மாடியில் குடியிருந்த டாக்சிக்கார மாமா. அவர் கூட்டிக்கொண்டு வந்த பழைய பட்டாளத்துக்காரர்கள் மூன்று பேர். தேவாரம் பாடுகிறவர் ஒருவர். அப்புறம் நான். எனக்குப் பத்து வயது. மற்றவர்கள் வந்தார்கள், மாலை போட்டார்கள், போனார்கள். அவர்களைச் சேர்க்கவில்லை.

சித்தப்பா அப்பாவின் தம்பி. நாற்பத்தேழு வயது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. வேலைக்குப் போக பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அவருக்குப் பேச்சு அதிகம். எப்போதும் பட்டாளத்துக் கதைதான். காட்டில் வாரக்கணக்கில் படுத்தது, அட்டை கடித்தது, மழையில் பிஸ்கட் ஊறிப்போனது. இடது காதின் நுனி அவருக்குக் கொஞ்சம் இருக்காது. காட்டில் எதிரி சுட்ட குண்டு உரசிக்கொண்டு போனது என்பார். நான் அந்தக் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கதை ஆரம்பித்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அப்பாவுக்குப் பொய் ஆகாது, அதனால் போகிறார் என்று நினைத்தேன்.

ஏனென்றால் அது பொய் என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். பட்டாளத்தில் இருந்தவர் என்றால் ஒரு புத்தகம் இருக்கும், கார்டு இருக்கும், யூனிஃபாரம் போட்ட படமாவது இருக்கும். சித்தப்பாவிடம் ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் பழைய பட்டாளத்து ஆளுக்குச் சம்பளம் கூட. காகிதம் காட்டாததால் அவருக்குச் சாதாரணச் சம்பளம்தான் கிடைத்தது. கல்யாண வீட்டுக்குப் போனால், "ஜெனரல் வந்துட்டாருலா, எழுந்து நில்லுங்க" என்பார்கள். சித்தப்பாவும் சிரித்துக்கொண்டே சல்யூட் அடிப்பார்.

சித்தி மட்டும் நம்பினாள். தான் செத்தால் பட்டாளத்துக்காரர்கள் வந்து மரியாதை செய்வார்கள் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தாராம். அதனால் டாக்சிக்கார மாமாவிடம் சொல்லி அவர்களை வரவழைத்தாள்.

மூன்று பேரில் ஒருவர் சார்ஜனாக இருந்தவர். வெள்ளை மீசை. கையில் ஒரு பை, அதற்குள் பட்டாளத்துத் தொப்பி. அதைப் பெட்டிமேல் வைத்து, வரிசையாக நின்று சல்யூட் அடிப்பது அவர்கள் வழக்கம். இன்னொருவர் பாய், நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தார். மூன்றாமவர் ஒல்லி, பட்டாளத்தில் ரேடியோ பார்த்தவர். அதிகம் பேசமாட்டார்.

வந்ததும் சார்ஜன் சித்தியிடம் காகிதம் கேட்டார். இல்லை என்றாள். எந்தப் படையணி என்று கேட்டார். தெரியாது என்றாள். நம்பர் கேட்டார். அதுவும் தெரியாது.

"கோவிச்சிக்காதீங்கம்மா," என்றார் சார்ஜன். "போன வருஷம் கெலுகோர்ல ஒருத்தருக்கு இப்படித்தான் எல்லாம் பண்ணிட்டோம். அப்புறம் பாத்தா அவரு கேம்ப் கேண்டீன்ல டீ ஆத்துனவரு."

"டீ நல்லா ஆத்துவாராம்," என்றார் பாய். "அதுக்கு சல்யூட் அடிக்க முடியுமா?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று மணிக்குப் பெட்டியை எடுக்க வேண்டும். அவர்கள் போய்விடவில்லை. எல்லோரையும் போல நாற்காலியில் உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துத் தின்றார்கள். பொய்யாகப் பட்டாளம் என்று சொல்கிறவர்களைப் பற்றியே பேச்சு.

"எந்த யூனிட்டுன்னு கேட்டா ரகசியம்பான்," என்றார் சார்ஜன். "வெளிய சொல்லக்கூடாதாம்."

"ஒருத்தனாச்சும் நான் லோரி ஓட்டுனேன், கக்கூஸ் கழுவுனேன்னு பொய் சொல்றானா பாருங்க. அத்தன பேரும் கமாண்டோதான். அப்ப நமக்கெல்லாம் சோறு யாரு ஆக்கிப் போட்டது?"

"நம்பர் கேக்கணும் பாய். பொண்டாட்டி பேர மறந்தாலும் மறப்பான், நம்பர மறக்கமாட்டான்."

எனக்கு அழுகை வந்தது. படிக்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தேன். செருப்புகள் எல்லாம் அங்கேதான் கிடந்தன. ஒல்லிக்காரர் சிகரெட் பிடிக்க வந்தார். பற்றவைத்தவர் அப்படியே குனிந்து பார்த்தார்.

"பாப்பா, இது யாரு சிலிப்பரு?"

சித்தப்பாவுடையது. கால் வைக்கிற இடத்தில் கறுப்புப் பெயிண்டில் நம்பர் எழுதியிருக்கும். கோயிலில் காணாமல் போகாமல் இருக்க எழுதியிருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாளியில்கூட அதே நம்பர் இருக்கிறது என்று சொன்னேன்.

"போய் எடுத்துட்டு வா."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். குளிக்கிற வாளி, தண்ணீர் மொள்ளுகிற மக்கு, தொடப்பம். மூன்றிலும் அதே நம்பர். சாவு வீட்டில் நான் தொடப்பத்தோடு வந்து நின்றதைப் பார்த்து அம்மா முறைத்தாள். பாய் தொடப்பத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"கேம்ப்லதான் எல்லாச் சாமான்லயும் நம்பர் எழுத வைப்பாங்க. தொடப்பத்துல நம்பர் போடுறவன் வேற யாரா இருப்பான்? நம்ம ஆளுதான்."

சார்ஜன் சம்மதிக்கவில்லை. நம்பரை யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம், பேரும் சேர வேண்டும் என்றார். பட்டாளத்து ரிக்கார்டு ஆபீசில் ஒல்லிக்காரருக்குத் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். கைப்பேசியில் கூப்பிட்டு நம்பரைச் சொன்னார். பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று பதில் வந்தது.

அப்போதுதான் அப்பா முதல் தடவை வாயைத் திறந்தார்.

"எதுக்குங்க இதெல்லாம்? விட்டுடுங்களேன்."

சித்தி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். "நீங்க என்னிக்குமே அவர நம்புனதில்ல மாமா. இன்னிக்குமா?"

அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். முகம் வேர்த்திருந்தது.

இரண்டரைக்குக் கைப்பேசி அடித்தது. ஒல்லிக்காரர் கேட்டுக்கொண்டே ஒரு சிகரெட் அட்டையில் எழுதினார். நம்பர் சரி, காலாட்படை, ஆறு வருஷம் வேலை என்றார். சித்தி எழுந்தே விட்டாள். அப்புறம் அவர் பேரைப் படித்தார்.

சித்தப்பாவின் பேர் இல்லை.

"இந்தப் பேருல யாரையாச்சும் தெரியுமா?" என்று சார்ஜன் சுற்றிலும் கேட்டார்.

எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பேருக்குப் பின்னால் எழுதுகிற பேர் அது. வகுப்பில் தூக்குவது போலக் கையைத் தூக்கி, "அப்பா," என்றேன்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். சார்ஜன் எழுந்து போய்க் கையை நீட்டினார். "அண்ணே, நீங்க ஆர்மியா? ஒரு வார்த்த சொல்லலையே!"

அப்பா அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"இத்தன நாளும் அண்ணன் கதையத்தான் தன் கதைன்னு சொல்லிட்டு இருந்தாரா?" என்றார் டாக்சிக்கார மாமா. மெதுவாகத்தான் சொன்னார். கூடாரம் முழுவதும் கேட்டது. சித்தி உட்கார்ந்துவிட்டாள். சார்ஜன் திரும்பி வந்து பையின் சிப்பை இழுத்து மூடினார்.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். அவருக்குக் கை கொடுக்க மூன்று பேர் தயாராக இருந்தார்கள்.

"பேரு என்னோடது," என்றார் அப்பா. "போனது அவன்."

அப்பா சொன்னது இதுதான். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது தேர்வானவர் அப்பா. பத்தொன்பது வயது. ஒரு திங்கட்கிழமை காலை லோரி வரும், ஏறவேண்டும். அந்த நேரம் காட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தெருப் பையன் ஒருவனின் உடல் அப்போதுதான் வந்திருந்தது. அப்பா அதைப் பார்த்திருந்தார். திங்கட்கிழமை காலை வீட்டுக்குப் பின்னால் இருந்த கோழிக் கூண்டுகளுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டார். லோரி ஹார்ன் அடித்தது. வீட்டில் வருமானம் கிடையாது. சித்தப்பா அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு லோரியில் ஏறிவிட்டார். அப்போது அவருக்குப் பதினாறு. முகம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி. அப்பா அட்டை தொலைந்துவிட்டது என்று சொல்லி வேறு எடுத்தார். திரும்பி வந்த சித்தப்பா, வெளியே தெரிந்தால் இரண்டு பேருமே ஜெயிலுக்குப் போகவேண்டும் என்று புத்தகத்தையும் படங்களையும் எரித்துவிட்டார்.

"கதைய மட்டும் அவனால எரிக்க முடியல," என்றார் அப்பா. "சொல்லிக்கிட்டே இருந்தான். என்னாலதான் கேக்க முடியல. பயந்தவன் நான்."

சார்ஜன் மீசையைத் தடவினார்.

"அண்ணே, செத்தவருக்காக மனுஷன் என்ன வேணாலும் சொல்லுவான். நான் ஒன்னு கேட்டுக்கிறேன்."

மறுபடியும் போன். சேர்ந்த அன்று உடம்பில் என்ன அடையாளம் எழுதியிருக்கிறது என்று கேட்கச் சொன்னார். ஒல்லிக்காரர் காத்திருந்தார். கேட்டதை அப்படியே சத்தமாகத் திருப்பிச் சொன்னார்.

"இடது காது. நுனி இல்ல."

பாய் எழுந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார். திரும்பி அப்பாவின் காதைப் பார்த்தார். முழுசாக இருந்தது.

"அது குண்டு பட்டது," என்றேன் நான்.

"சேர்ந்த அன்னிக்கே எழுதியிருக்கு பாப்பா," என்றார் சார்ஜன். "லோரிய விட்டு எறங்குனதுமேவா சுட்டுட்டாங்க?"

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். "நாய் கடிச்சது. அவனுக்கு ஏழு வயசு. எங்க வீட்டு நாய்தான்."

முதலில் சிரித்தது சித்திதான். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருக்க, தோள் குலுங்கச் சிரித்தாள். "என்கிட்டயும் குண்டுன்னுதானே சொன்னாரு, பாவி மனுஷன்!" பிறகு அம்மா. பிறகு எல்லோரும். தேவாரம் பாடுகிறவர்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"ஒரு குண்டுக் கதைகூட இல்லாதவன் என்ன சோல்ஜர்?" என்றார் பாய். "எனக்கே ரெண்டு இருக்கு."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. சார்ஜன் பக்கத்தில் போய், "போலீசுக்குச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"யாரப் பிடிக்கச் சொல்லி?" சார்ஜன் அப்பாவின் தோளில் கை போட்டார். "எங்க செக்‌ஷன்லயே வயசு பொய் சொன்னவன் மூணு பேரு. ஒருத்தன் மீசைக்கு மை தடவிக்கிட்டு வருவான். நீங்க உக்காருங்க அண்ணே."

அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்று சொல்லலாம். பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது.

மூன்று மணிக்குச் சார்ஜன் பையைத் திறந்து தொப்பியை எடுத்தார். கையால் தட்டிப் பெட்டிமேல் வைத்தார். மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். சார்ஜன் மலாயில் ஒரு சத்தம் போட்டார். மூன்று கையும் ஒன்றாக எழும்பின. பாயின் தொந்தி உள்ளே போயிருந்தது. பெட்டி எடுக்கிற நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த, முன்பு கிண்டல் செய்த சொந்தக்காரர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. சித்தி அழுதாள். ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

பத்து லஞ்சாங் சுடுகாட்டில் எல்லாம் முடிய மாலை ஆகிவிட்டது. குளித்துவிட்டு, அப்பா என்னை மோட்டாரில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு ரொட்டி சானாய் கடையில் நிறுத்தினார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் இரண்டு ரொட்டி தின்றார். மூன்றாவதும் சொன்னார். அது வருகிற வரைக்கும் மேசையில் விரலால் தாளம் போட்டபடி ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தார். அப்பா பாடி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. சொந்தத் தம்பியை எரித்துவிட்டு வந்து பாடுகிறாரே என்று இருந்தது. இவருக்குத் தம்பிமேல் பாசமே இல்லை என்று முடிவு செய்தேன்.

அந்தக் கோபத்தில்தான் கேட்டேன்.

"சித்தப்பா எத்தன வருஷம் ஆர்மியில இருந்தாரு?"

"ஆறு."

"நீங்க?"

குத்திக் காட்டத்தான் கேட்டேன். பேர் அவருடையதுதானே. அப்பாவுக்கு அது குத்தலாகப் படவில்லை. டீயைக் கீழே வைத்தார். சாலையைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னார். சொல்லும்போது லேசாகச் சிரித்தார். இன்றோடு அது முடிந்தது என்றும் சொன்னார்.

கணக்குத் தப்பு என்று நினைத்தேன். ஒரு நாள்கூடப் போகாதவர் அவர். எங்கே இருந்து எண்ணினார், எதை எண்ணினார் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அவர் சொன்னது:

முப்பத்தொன்று.