இருக்கன்குடியில் என் காதுகுத்து

எட்டு வயதாகியும் எனக்குக் காது குத்தவில்லை. ஒவ்வொரு வருஷமும் தீபாவளி சீசன் முடியட்டும் என்பார்கள். சீசன் முடிந்ததும் மறந்துவிடுவார்கள். வகுப்பில் மற்ற பெண்களெல்லாம் தொங்கட்டான் ஆடவேண்டும் என்பதற்காகவே தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்கள். நான் மட்டும் கழுத்து சுளுக்கியவள் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். அதனால், "வர்ற வெள்ளிக்கிழமை இருக்கன்குடியில வச்சு ஒனக்குக் காதுகுத்து" என்று அம்மா சொன்னபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வீட்டில் யாரும் சிரிக்காத மாதம் அது. பக்கத்து ஊரில் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்திருந்தது. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பத்துப் பன்னிரண்டு பேரை நெருக்கி உட்காரவைத்து மருந்து அடைக்கச் சொன்ன கம்பெனி. செத்தவர்களில் ஒருத்தி எங்கள் தெருக்காரி. அதற்குப் பிறகு சாத்தூர்ப் பக்கமும் சிவகாசிப் பக்கமும் ஊர் ஊராகத் தொழிலாளிகள் சாலையில் உட்கார்ந்தார்கள். போலீஸ் அடித்துக் கலைத்தது. கூட்டம் கூடக்கூடாது என்று தடை போட்டது. மறியலில் பிடித்தவர்களை மதுரைச் சிறைக்குக் கொண்டுபோனது. அவர்களில் என் சித்தியும் ஒருத்தி. சித்தி மதுரையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருப்பதாக என்னிடம் சொன்னார்கள். வாரக்கணக்கில் நடக்கும் கல்யாணம் எனக்குச் சந்தேகத்தைத் தரவில்லை. பெரிய இடம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் கட்சிக் கொடி வைத்த தொழிற்சங்கங்கள் முதலாளிகளோடு உட்கார்ந்து பேசி, மூடிக்கிடந்த கம்பெனிகளைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டன. அம்மாவையோ அவளோடு மருந்து அடைத்த பெண்களையோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நமக்கு வேண்டியதை நாமே பேசி முடிவு செய்யலாம் என்று அந்தப் பெண்கள் நினைத்தார்கள். ஆனால் எங்கே பேசுவது? நாலைந்து பேர் ஒரு நிழலில் நின்றாலே ஜீப் வந்துவிடும். அப்போதுதான் மாமாவுக்கு என் காது ஞாபகம் வந்திருக்கிறது. மாமா அம்மாவின் தம்பி, பட்டாசு லோடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். இதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் புதுப் பாவாடை மட்டும்தான்.

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைச் சொல்லவா வேண்டும். பொங்கல் பானைகளும் மொட்டைத் தலைகளுமாக ஆற்றங்கரையே நிறைந்து கிடந்தது. எங்கள் இடத்துக்கு அச்சங்குளத்திலிருந்தும் விஸ்வநத்தத்திலிருந்தும் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு இத்தனை சொந்தக்காரர்களா என்று பூரித்துப்போனேன். எல்லாருடைய விரல்களிலும் எத்தனை தேய்த்தாலும் போகாத வெள்ளி நிற மருந்துக் கறை. ஆனால் வந்தவர்களில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. மாமா மடியில் மாலையோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. அவர்கள் பொங்கல் பானையைச் சுற்றி உட்கார்ந்து அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் அம்மா பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காது. அதே குரலில்தான் அங்கேயும் பேசினாள். அத்தனை பேரும் மூச்சுவிடாமல் கேட்டார்கள்.

"ரூமுக்கு நாலு பேருக்கு மேல உக்காரமாட்டோம். செத்தவுக குடும்பத்துக்கு ஒரு வழி பண்ணணும். செயில்ல கெடக்க நம்ம ஆளுகள விடணும். அதுவரைக்கும் கம்பெனிக்குள்ள கால் வைக்கப்போறதில்ல."

ஒரு பெண் கேட்டாள்: "சீசன் நேரமாச்சே மதினி. பிள்ளைகளுக்கு என்னத்தப் போட?"

"சீசன் நமக்கு மட்டுமா? அவுகளுக்குந்தான. அம்புட்டு ஆர்டரும் நம்ம கையிலதான கெடக்கு."

பிறகு கேட்டவளே முதலில் கையைத் தூக்கினாள். அடுத்து ஒருத்தி, அடுத்து இன்னொருத்தி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் முழுக்கக் கைகளாகிவிட்டது. நானும் தூக்கினேன். மாமா மெதுவாக என் கையை இறக்கிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் இன்ஸ்பெக்டர் வந்தார், பின்னால் நாலைந்து போலீஸ்காரர்கள்.

"இங்க என்ன கூட்டம்?"

"காதுகுத்து சார். எங்க அக்கா மகளுக்கு" என்றார் மாமா.

"காதுகுத்துக்கு இவ்வளவு பொம்பளைங்களா?"

"எல்லாரும் சொந்தம் சார்" என்றாள் அம்மா. "ஒரே ரூம்ல உக்காந்து வேலை பாக்கோம்."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. பொட்டில்லாத நெற்றியோடு கழுத்தில் சிலுவை போட்டிருந்த விஸ்வநத்தத்துப் பெண்ணிடம் போய், "நீ எதுக்கு மாரியம்மன் கோயிலுக்கு வந்த?" என்று கேட்டார்.

"பிள்ளைக்குக் காது குத்துறாகன்னு கூப்பிட்டா வரமாட்டமா சார்? நீங்களும் இருந்து சாப்பிட்டுப் போங்க."

காலையிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்த ஆசாரிக்கு மாமா கண்ணைக் காட்டினார். அடுத்த நொடி என் வலது காதில் நெருப்பு வைத்தது போலிருந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்துப் பானைக்காரர்கள் எழுந்து ஓடிவந்தார்கள். சிலுவைக்காரப் பெண் குலவை போட்டாள்; மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கூட வந்த பெண் போலீஸ் குனிந்து என் காதில் ஊதிவிட்டார். இன்ஸ்பெக்டர் இடது காது குத்தி முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டு, கையில் திணிக்கப்பட்ட சர்க்கரைப் பொங்கலோடு போனார்.

திரும்பும்போது லோடு வண்டியில் அம்மா மடியில் படுத்துக்கொண்டு, ஏன் எல்லாரும் கையைத் தூக்கினார்கள் என்று கேட்டேன்.

"ஒன்ன ஆசீர்வாதம் பண்ணாக" என்றாள். வெகுநாள் அதை நம்பினேன்.

போராட்டம் வாரக்கணக்கில் நீண்டது. பல வீடுகளில் ஒருவேளைதான் சமையல். விஸ்வநத்தத்திலிருந்து அரிசி வந்தது, அச்சங்குளத்துக்குக் காய்கறி போனது. கடைசியில் கம்பெனிகள் இறங்கிவந்தன. அறைக்கு நாலு பேர்தான் என்று ஒத்துக்கொண்டன. செத்தவர்களின் குடும்பங்களுக்கும் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தன. சித்தி மெலிந்துபோய்த் திரும்பி வந்தாள். வழக்கு மட்டும் பல வருஷம் இழுத்தது.

ஆனால் என் மனதில் இன்றும் அழியாமல் இருப்பது காதுகுத்து முடிந்த திங்கட்கிழமை. கம்பெனி வாசலில் உட்கார்ந்த பெண்களைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். நான் மாமாவோடு எதிர்ப்பக்கம் நின்றேன். எல்லாரும் நல்ல சேலை உடுத்தித் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். அம்மா கம்பி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்துக் கையை ஆட்டினாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அவ்வளவு அழகாக உடுத்திக்கொண்டு, அத்தனை சொந்தங்களும் ஒரே வண்டியில் எங்கேயோ விசேஷத்துக்குப் போகிறார்கள், என்னை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்களே என்றுதான்.