சாயம் உள்ளே மடித்த பொட்டலம்

கோடைக்கானல் கடைவீதியில் தஸ்தகீர் ராவுத்தரின் பலசரக்குக் கடைக்கு மிளகாய் வற்றலும் கருப்பட்டியும் வருவதைப் போலவே பழைய காகிதமும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களும் பங்களாக்களும் எடைக்குப் போடும் சீமைப் பத்திரிகைகள், பரீட்சைத் தாள்கள், பிள்ளைகள் படம் வரைந்து கழித்த தடித்த தாள்கள், எல்லாம் பொட்டலம் மடிக்க. அவருடைய ஒரே மகன் சுல்தான் அந்தக் குவியலுக்குள்தான் வளர்ந்தான். மற்ற பிள்ளைகள் கோலி ஆடும்போது இவன் பீங்கான் தட்டு விளம்பரத்தில் இருக்கும் பூவையும் ஜன்னல் திரையில் இருக்கும் கொடியையும் பார்த்துப் பார்த்துப் படமாக எழுதிக்கொண்டிருப்பான். ராவுத்தருக்குப் பெருமை பிடிபடாது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார்.

அந்தப் பெருமையில்தான் 1962இல் அவனைச் சென்னைக்கு அனுப்பினார். துணிக்கு டிசைன் போடக் கற்றுக்கொடுக்கும் படிப்பு. அதே வருஷம் சுல்தானின் அம்மா ஃபக்ருன்னிசா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அக்கா நஜீமாவைப் பழனியில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. ராவுத்தர் தனியாகச் சமைத்துத் தின்றுகொண்டு கடையைப் பார்த்தார். "என் சோலிய நான் பாத்துக்குறேன், நீ ஒன் படிப்பப் பாரு" என்று சொல்லிவிட்டார்.

படிப்பைப் பார்த்த லட்சணத்தைக் கேளுங்கள். இரண்டாம் வருஷக் கடைசியில் வாத்தியார் சுல்தானின் படங்களையெல்லாம் மேஜையில் பரப்பி, பக்கத்தில் ஒரு சீமைப் பத்திரிகையை விரித்து வைத்தார். பூவுக்குப் பூ, கொடிக்குக் கொடி அப்படியே இருந்தது. துரை காப்பியடித்தே இரண்டு வருஷத்தை ஓட்டியிருக்கிறார்! பெயரை அடித்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. சுல்தான் அழாத அழுகை இல்லை. கடைசியில் வாத்தியார் மனம் இரங்கி ஒரு தவணை கொடுத்தார்.

"விடுமுறையில் பன்னிரண்டு டிசைன் போட்டு வா. இந்தத் தடவை உன் கண்ணால் பார்த்ததை மட்டும் போடு. எதைப் பார்த்துப் போட்டாயோ அதையும் அதே தாளில் ஒரு பாதியில் வரைந்திரு. ஜூன் இருபத்தைந்து, வியாழக்கிழமை, காலை பத்து மணி. பன்னிரண்டும் இல்லையென்றால் நீ ரயிலேறவே வேண்டாம்."

ஊருக்கு வந்தவன் அத்தா ராவுத்தரிடம் இதைச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வான்? விடுமுறை வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவைத்தான்.

முதல் இரண்டு வாரம் பைத்தியம் பிடிக்காத குறைதான். ஏரியைப் பார்த்தால் காலண்டர் படம் மாதிரி இருந்தது. பூவைப் பார்த்தால் பத்திரிகையில் பார்த்த பூவாகவே தெரிந்தது. ஒருநாள் கடையில் குழம்புக்கு அரிந்த மலைப்பூண்டு ஒன்று குறுக்காக வெட்டுப்பட்டுக் கிடந்தது. நடுவில் குருத்து, சுற்றிலும் பல்லு, ஊதாத் தோல். அதை ஒரு மணி நேரம் வெறித்துப் பார்த்தான். அன்றைக்குத்தான் முதல் தாள் பிறந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. சேற்றில் மட்டக் குதிரைகள் பதித்துவிட்டுப் போன குளம்படி, உருளைக்கிழங்குச் சாக்கின் தையல், பிளம்ஸ் பழத்தின் மேல் படிந்த வெண்பொடியில் யாரோ தொட்ட விரல்தடம், பஸ் கண்ணாடியில் மழைத்தண்ணீர் பிரிந்து ஓடும் வழி. பன்னிரண்டாவதுதான் இருப்பதிலேயே உசத்தி. அத்தாவின் கை. ராவுத்தர் நிறுக்கும்போது ஆட்காட்டி விரலைத் தராசு முள்ளின் மேல் பட்டும் படாமலும் வைத்திருப்பார். அந்த விரலையும் முள்ளையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சேலைக் கரைக்கு ஒரு டிசைன் போட்டான். தன் கையில் இப்படி ஒன்று வருமா என்று அவனுக்கே நம்ப முடியவில்லை.

ஒவ்வொன்றையும் முடித்ததும் அத்தாவிடம் கொடுப்பான். அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "நல்லாருக்குப்பா, ரொம்ப நல்லாருக்கு" என்பார். அந்த வார்த்தை ஒன்றுதான் அவனுக்குச் சோறும் தண்ணீரும்.

ஜூன் பிறந்தால் மலையில் மஞ்சும் தூறலும் விடாது. வீட்டில் சாயம் காயவில்லை. கடையில் எந்நேரமும் கரியடுப்பு கனிந்துகொண்டிருப்பதால் தாள்களைக் கடையில்தான் வைத்தான், மேல் தட்டில். சனிக்கிழமை அந்த இடம் ஒழுக ஆரம்பித்தது. அவசர அவசரமாக இறக்கி, பொட்டலக் காகிதம் அடுக்கும் பலகையின் ஓரத்தில், சாயத்தில் தூசி படாமல் குப்புற அடுக்கினான்.

"அத்தா, என் தாளெல்லாம் இங்க வச்சிருக்கேன், பாத்துக்கங்க" என்று விரலால் காட்டினான். "சரிப்பா" என்றார் அவர்.

படங்களைச் சுருட்டி எடுத்துப்போக வத்தலக்குண்டில் ஒரு தகரக் குழல் செய்யச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கப் போனவன், மழையில் பஸ் தவறி, திங்கள் காலையில்தான் திரும்பினான். கடைக்குள் நுழைந்து பார்த்தால் பலகை வெறுமனே கிடந்தது. ஞாயிறு சந்தை நாள். மலை ஜனம் முழுதும் வந்து சாமான் வாங்கிப் போயிருந்தது.

"அத்தா, இங்க இருந்த தாளு?"

ராவுத்தர் சீரகம் அள்ளிய கையை அப்படியே நிறுத்தினார். "தடிப்பா இருந்துச்சேப்பா, அதா? பள்ளிக்கூடத்துக் காகிதம்னு நெனச்சேன். ரெண்டு ரெண்டாக் கிழிச்சு..." முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சுல்தானுக்குக் காது அடைத்துப்போயிற்று. புதன் மத்தியானம் ஒரு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ரயில். இடையில் இரண்டு நாள். "யார் யாருக்குக் குடுத்தீங்க?" என்று கத்தினான்.

ராவுத்தர் ஞாபகத்தில் சூரர். யார், என்ன சாமான், எத்தனை கிலோ என்று மளமளவென்று ஒப்பித்தார். இருபத்து நாலு பொட்டலம். குறித்துக்கொண்டு ஓடினான்.

முதல் வீடு சோலையம்மாள். காகிதத்தை வைத்து அடுப்பு மூட்டிவிட்டிருந்தாள். இரண்டாவது வீட்டில் வெல்லம் ஒட்டிப் பூண்டுப் படம் பாதி உரிந்து வந்தது. ஒரு வீட்டில் பிள்ளைக்கு மூக்குத் துடைத்திருந்தார்கள். குதிரைக் குளம்படி டீக்கடை முறத்தில் வடைக்கு அடியில் எண்ணெய் குடித்துக் கிடந்தது. சாயங்காலம் வரை வீடு வீடாகப் பிச்சைக்காரன் மாதிரி போய் நின்று, "அந்தப் பொட்டலக் காகிதம் இருக்காங்க?" என்று கேட்டான். ஆறு துண்டு தேறியது. அதில் ஒன்றுகூட உருப்படி இல்லை.

மிஷன் தெரு முருகம்மாள் தட்டைக் கொண்டுவந்து அவன் மூக்கில் இடிக்காத குறையாக நீட்டினாள். "என்ன தம்பி ஒங்க அத்தா இப்பிடிப் பண்ணிட்டாரு? சாயத்த உள்ள வச்சு மடிச்சிருக்காரு. பாரு, சீனியெல்லாம் நீலமாக் கெடக்கு. காசு குடுத்தவ நான் எங்க போயி அழுக?"

சுல்தான் துண்டைப் பார்த்தபடி நின்றான். கையிலிருந்த மற்ற ஐந்தையும் மடிப்புப் பார்த்தான். எல்லாம் அப்படியே. சாயம் உள்ளே, வெள்ளை வெளியே. ராவுத்தர் கடைச் சட்டம் அவனுக்குத் தெரியாதா? எழுத்தும் மையும் வெளியே இருக்கவேண்டும், வெறும் பக்கம்தான் சாமானில் படவேண்டும். ஆறு வயதில் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்து, தவறினால் காதைத் திருகியவர் அவர். ஒன்று இரண்டு என்றால் கைப்பிழை. அத்தனையையும் மாற்றி மடித்திருக்கிறார் என்றால், படம் வெளியே தெரியக்கூடாது என்று மறைத்துத்தான் மடித்திருக்கிறார். தெரிந்தே செய்திருக்கிறார். மகன் சென்னைக்குப் போகாமல் கடையில் உட்காரவேண்டும் என்று செய்திருக்கிறார்.

இந்த எண்ணம் வந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்குப் போய் வாசலில் நின்றபடியே இரைந்தான். வருஷம் வீணாகப் போகிறது, பெயரை அடிக்கப் போகிறார்கள் என்பதையெல்லாம் அப்போதுதான் முதல் தடவையாகக் கொட்டினான். "வேணும்னே பண்ணிட்டீங்க! சாயம் எந்தப் பக்கம்னு தெரியாம மடிச்சீங்களோ? கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ராவுத்தர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "தப்புத்தான்ப்பா" என்றார்.

ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதான் சுல்தான் நினைத்தான்.

மறுநாள் வெள்ளனே கிழங்கு லாரியில் தொற்றிக்கொண்டு போனான். லாரி போகும் மட்டும் போய், அப்புறம் போளூர் என்ற மலைக்கிராமத்துக்கு நடந்தான். அங்கே இருக்கும் வேலுமணி என்ற வெள்ளாமைக்காரர் சந்தையன்று முதல் ஆளாக இரண்டு பொட்டலம் வாங்கிப் போயிருந்தார். பலகையில் கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது அத்தாவின் கை. அதுதான் அந்த இரண்டு பொட்டலமாகவும் இருக்கவேண்டும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அது ஒன்று முழுசாகக் கிடைத்தாலும் போதும். அதைக் கொண்டுபோய் வாத்தியார் காலில் வைத்து, மற்றதை ஒரு மாதத்தில் போட்டுத் தருகிறேன் என்று கெஞ்சலாம். ஏற்றத்தில் மூச்சு வாங்க வாங்க, அந்தக் கையை வரைந்ததற்காகவே அத்தாவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த மனுஷன் முகத்தில் இனி முழிக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தான்.

பொழுது சாயப் போய்ச் சேர்ந்தான். வேலுமணி உட்காரவைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னார். அவர் சம்சாரம் காளியாயி, டிசைன் இருந்த பாதியை வழியிலேயே ஆடு தின்றுவிட்டது என்றாள். படம் இருந்த பாதியைப் பாய்க்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். ஒரு கறை இல்லை. சீரக வாசனை மட்டும் அடித்தது.

"பிரிச்சுப் பாத்தா ராவுத்தரு கையி! நெசக்கை மாதிரியே இருந்துச்சு, கிழிக்க மனசு வரல" என்றாள். "கண்ணுத் தெரியாத மனுசரு முள்ளத் தடவித் தடவி நிறுக்குறத அப்பிடியே எழுதிப்புட்டியே தம்பி!"

சுல்தான் டம்ளரைக் கீழே வைத்தான். "யாருக்குக் கண்ணுத் தெரியாது?"

காளியாயி புருஷனைப் பார்த்தாள். வேலுமணி தொண்டையைக் கனைத்தார். "ஒங்க அத்தாவுக்குத்தான். ஒரு வருசத்துக்கு மேலாச்சேப்பா. நாங்க நோட்டு நீட்டுனா எத்தன ரூவான்னு வாயால சொல்லித்தான் குடுப்போம். சந்தைக்கு வார எல்லாத்துக்கும் தெரியும். மகன்ட்ட மட்டும் சொல்லிராதீங்கன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. நீ படம் எழுதுற பிள்ளையாச்சே, நீயே கண்டுக்கிட்டிருப்பேன்னு நெனச்சோம்."

அந்தச் சமயத்தில் பூமி வாயைப் பிளந்து விழுங்கியிருந்தால் சுல்தான் சந்தோஷமாகப் போயிருப்பான். நாள் கணக்கில் அந்த விரலையே உற்றுப் பார்த்து எழுதியவன் அவன். நகத்தில் இருக்கும் கீறல்கூடப் படத்தில் இருக்கிறது. அந்த விரல் ஏன் முள்ளைத் தொடுகிறது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எழுத்து மேலே தெரிய அடுக்கிய கடைக் காகிதம் என்று நினைத்து, அவன் குப்புற வைத்த தாளை அவர் கவிழ்த்து மடித்திருக்கிறார், அதனால்தான் சாயம் உள்ளே போயிருக்கிறது. முகத்துக்கு நேரே தாளைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன ஒவ்வொரு "நல்லாருக்கு"ம் நெஞ்சில் வந்து இடித்தது. கடைவாசலில் நின்று தான் கேட்ட கேள்வி அதைவிட இடித்தது. காளியாயி வீட்டிலேயே, அந்நிய மனிதர்களுக்கு முன்னால், தலையிலடித்துக்கொண்டு அழுதான்.

புதன்கிழமை விடியும்போதே கிளம்பி, லாரி பிடித்து, பன்னிரண்டரை மணிக்குக் கடைவீதியில் வந்து இறங்கினான். ராவுத்தர் அவனுடைய டிரங்குப் பெட்டியைக் கட்டித் தயாராக வாசலில் வைத்திருந்தார்.

"கெடைச்சுச்சாப்பா? கொண்டா பாப்போம்."

சுல்தான் தாளைக் கொடுத்தான். அவர் இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்கு நேரே பிடித்தார். படம் சுல்தான் பக்கம் இருந்தது. அவர் பக்கம் வெறும் வெள்ளை. "நல்லாருக்குப்பா" என்றார்.

"அத்தா" என்றான் சுல்தான். "எப்ப இருந்து?"

அவர் தாளை மெல்லக் கல்லாப் பலகைமேல் வைத்தார்.

"ஒங்கம்மா மௌத்தான வருசம் ஒரு கண்ணு போச்சு. மறு வருசம் இன்னொன்னு. மதுரையில காட்டுனேன். நரம்பு செத்துப்போச்சாம், திரும்ப வராதாம்."

"சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ படிப்ப விட்டுட்டு வந்து இந்தப் பலகையில ஒக்காந்துருவே. இங்க வச்சிருக்கேன்னு அன்னைக்கு நீ சொன்னப்ப, எங்கடான்னு கேக்க வாய் வந்துச்சு. கேட்டாத் தெரிஞ்சுபோகும்னு விட்டுட்டேன். கேட்டிருக்கணும். பாவி, ஒரு வார்த்த கேட்டிருக்கணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போகட்டும். இருக்குறதக் கொண்டுபோயிக் காட்டு. வெரசாப் போ, பஸ்ஸு வந்துரும். நான் இருந்துக்குவேன்."

சுல்தானுக்குப் போகவேண்டும் என்றுதான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடவேண்டும், இந்தக் கடையையும் இந்தக் குருட்டுக் கண்ணையும் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று உடம்பு முழுக்கத் தவித்தது. நல்ல பிள்ளையாக அங்கே அவன் நிற்கவில்லை. கால் எழும்பவில்லை, அவ்வளவுதான்.

பஸ் முக்கில் திரும்பி ஹாரன் அடித்தது. அதே நேரம் சோலையம்மாள் வந்து நின்றாள். "கால் கிலோ துவரம்பருப்பு, ராவுத்தரே."

ராவுத்தர் நிறுத்தார், விரல் முள்ளின் மேல் இருந்தது. காகிதத்துக்காகக் கல்லாப் பலகையைத் தடவினார். கையில் அகப்பட்டது அந்தத் தாள். பழக்கத்தில் மடிக்கப் போனார்.

சுல்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். சோலையம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். பஸ் புறப்பட்டுக் கடையைத் தாண்டிப் போயிற்று. அவன் தாளைத் திருப்பி, சாயம் வெளியே வரும்படி அவர் உள்ளங்கையில் வைத்தான்.

ராவுத்தரின் பெருவிரல் தாளின் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தது. "தடிப்பா இருக்கேப்பா. ஒன்னோடதா?"

"இல்லத்தா" என்றான் சுல்தான். "பள்ளிக்கூடத்துக் காகிதந்தான். மடிங்க."