தோய்த்த துணியையே தோய்த்த குளிர்காலம்

ஈரச் சிமெந்தும் சவர்க்காரத் தூளும் கலந்த ஒரு சூடான மணம் இருக்கிறது. எங்காவது அது மூக்கில் பட்டால் எனக்குப் பசிக்கத் தொடங்கிவிடும். துணி தோய்க்கும் மணத்துக்கும் பருப்புச் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று என் கணவர் கேலி செய்வார். சம்பந்தம் இருக்கிறது. அது டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் நாங்கள் குடியிருந்த செங்கல் மாடிக்கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், எனக்குப் பத்து வயதான குளிர்காலத்தில் ஏற்பட்ட சம்பந்தம்.

அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு சலவை மெஷின் வைக்க அனுமதியில்லை. எல்லோருக்கும் பொதுவாகக் கீழே ஒரு சலவை அறை இருந்தது. டேனிஷில் அதற்கு இருந்த நீளமான பெயர் எங்கள் வீடுகளில் ‘வஸ்கெல்லர்’ என்று சுருங்கிப்போயிருந்தது. அறை வாசலில் ஒரு மரப்பலகை. அதில் கிழமைகளும் நேரங்களும் எழுதி, நேரத்துக்கொரு துளை. வீட்டு இலக்கம் போட்ட குட்டிப் பூட்டை விருப்பமான துளையில் மாட்டிவிட்டால் அந்த நேரம் நம்முடையது. புதன் பின்னேரம் அம்மாவினுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சவர்க்காரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் இறங்குவது என் வேலை, அதில் எனக்கு விருப்பமும் இருந்தது, ஏனென்றால் மெஷினின் வட்டக் கண்ணாடிக்குள் எங்கள் உடுப்புகள் உருண்டு புரள்வதைப் பார்ப்பது வீட்டில் இருந்த பழைய தொலைக்காட்சியைவிட எவ்வளவோ மேல்.

அந்த வருடம் நாங்கள் விட்டுவந்த ஊரில் வெகுகாலத்துக்குப் பிறகு உள்ளூர்ச் சபைத் தேர்தல் வைக்கப்போவதாகச் செய்தி வந்தது. யுத்தம் ஓய்ந்துவிட்டதா, இளைப்பாறுகிறதா என்று ஒருவருக்கும் நிச்சயமில்லாத காலம் அது. அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, சந்தைக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். அவர் தொலைபேசியில் கத்திப் பேசுவார், டென்மார்க் வரைக்கும் குரல் வரவேண்டுமே என்பது போல. “அக்கா, இனி வோட்டுத்தான் கதைக்கும், வெடி கதைக்காது. நானும் தேர்தலில நிண்டு கேக்கப்போறன். சந்தை ரோட்டைப் போடோணும், கிணத்துத் தண்ணியெல்லாம் உப்பாக் கிடக்கு, அதுகளைச் சொல்ல ஆர் இருக்கினம்?” என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பாவின் முகம்தான் இறுகிப்போனது. “உவன் ஏன் உதுக்குள்ள போறான்? ஒரு பகுதி தேர்தலே வேண்டாமெண்டு நிக்குது, மற்றப் பகுதி தாங்கள்தான் வெல்லோணும் எண்டு நிக்குது. நடுவில இவன் ரோட்டுப் போடப்போறானாம்” என்றார்.

மாமா நோட்டீசுக்கென்று எடுத்த படத்தில் ஒன்றை எங்களுக்கும் அனுப்பியிருந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, படம் பிடிக்கிறவனைப் பார்த்துச் சிரிப்பை அடக்குகிற வாய். வாக்களிப்புக்கு முன்பே, கடை திறக்கப் போன காலையில், மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் தலையிடி மருந்து கேட்டார்களாம். அவர் மருந்தை எடுக்கத் திரும்பியபோது சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். யார் என்று ஊருக்கே தெரியும் என்றார்கள், ஆனால் இன்றுவரை ஒருவர் வாயிலிருந்தும் அந்தப் பெயர் வந்ததில்லை.

எங்கள் ஆட்களிடையே செத்தவீட்டுக்கு அழைப்புக் கிடையாது. கேள்விப்பட்டவர்கள் தாங்களாக வருவார்கள். அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. சோறும் தேத்தண்ணியும் அயலில் இருந்து வரவேண்டும். ஊரில் யாராவது இறந்த செய்தி வந்தால் இக்காஸ்ட்டிலும் அப்படியே நடந்தது, ஆலை வேலை முடிந்த கையோடு ஆட்கள் வந்து குவிவார்கள், சப்பாத்துகள் வாசலில் இருந்து படிக்கட்டு வரை நிரம்பி நிற்கும். அதை நம்பி அப்பா கட்டடத்தின் பொதுமண்டபத்தில் இருந்து மடக்குக் கதிரைகளை இரவல் வாங்கி வந்து அடுக்கினார். தரையில் வெள்ளைத் துணி விரித்தார். மாமாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினார். நாங்கள் காத்திருந்தோம்.

ஒருவரும் வரவில்லை.

கார் ஒன்று நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அப்பா ஜன்னலுக்குப் போய்வந்தார். அடுத்த நாளும் ஒருவரும் வரவில்லை. அப்பா வேலை செய்த துணி ஆலையில் அப்போதைய தமிழ்ச் சங்கத் தலைவரும் வேலை செய்தார். அவர் சாப்பாட்டு நேரத்தில் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, “அண்ணை, குறை நினைக்கக்கூடாது. உங்கட மச்சானைத் துரோகி எண்டுதான் கதைக்கினம். வாற ஆக்களையும் குறிச்சுவைப்பினம். எல்லாருக்கும் ஊரில தாய் தேப்பன் இருக்கினம். கதிரையளைத் திருப்பிக் குடுங்கோ” என்று சொல்லியிருக்கிறார். அப்பா அன்றைக்கே கதிரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதுவரை அவற்றில் ஒன்றில்கூட வெளியாள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது, நான் மட்டும்தான் ஒவ்வொன்றாக மாறி மாறி உட்கார்ந்து பார்த்திருந்தேன்.

அடுப்பும் மூட்டவில்லை, சோறும் வரவில்லை. பாணும் ஜாமும் சாப்பிட்டோம். பள்ளிக்கூடத்துக்கும் அதையே கட்டிக்கொண்டு போனேன். அதைவிட எனக்குப் பெரிய பயம் அம்மாவைப் பற்றியது. அம்மா அழவில்லை. தலையை அவிழ்த்துப் போட்டபடி தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தாரே தவிர, ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எங்கள் பெண்கள் செத்தவீட்டில் தனியே அழுவதில்லை. வருகிற ஒவ்வொருத்தியையும் கட்டிப்பிடித்து, அவள் ஒன்று சொல்ல இவள் ஒன்று சொல்ல, அப்படித்தான் அந்த அழுகை வெளியே வரும். கட்டிப்பிடிக்க ஆளில்லாமல் அம்மாவுக்குள் அது அப்படியே நின்றுவிட்டது. “நெஞ்சுக்குள்ள கல்லு மாதிரி இருக்கு” என்று ஒருமுறை அப்பாவிடம் சொன்னார். அப்படியே இருந்தால் அம்மா செத்துப்போவார் என்று நான் நம்பினேன். இரவில் மூச்சு வருகிறதா என்று பார்க்க என் கட்டிலை விட்டு எழும்பிப் போவேன்.

பள்ளிக்கூடத்திலும் என் பாடு அதேதான். எங்கள் கட்டடத்திலேயே இரண்டு படிக்கட்டு தள்ளி இருந்தவள் சுகி, என் வகுப்பு, என் ஒரே சிநேகிதி. ஒன்றாகப் போய் ஒன்றாக வருவோம். அந்தக் கிழமை அவள் எனக்கு முன்னாலேயே போகத் தொடங்கினாள். இடைவேளையில் டேனிஷ் பிள்ளைகளோடு நின்றாள். நீங்கள் இருவரும் சண்டையா என்று ஆசிரியை கேட்டபோது அவளும் நிலத்தைப் பார்த்தாள், நானும் நிலத்தைப் பார்த்தேன். சண்டை என்றால் சொல்லியிருக்கலாம். இதற்கு டேனிஷிலும் சொல் தெரியவில்லை, தமிழில் தெரிந்த ஒரே சொல் அப்பா ஆலையில் இருந்து கொண்டுவந்த சொல். அதை வாயால் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

புதன்கிழமை வந்தது. அப்பாவின் வேலை உடுப்புகள் குவிந்துவிட்டன. வேறு வழியில்லாமல் அம்மா கூடையைத் தூக்கினார், நான் சவர்க்காரப் பெட்டியைத் தூக்கினேன். கீழே இறங்கி ஒரு மெஷினை ஓடவிட்டுவிட்டு, துணி மடிக்கும் மேசையோடு சாய்ந்து இருவரும் நின்றோம். அப்போது கதவு திறந்தது. சுகியின் அம்மா ராணி அன்ரி ஒரு கூடையோடு வந்தார். அது அவருடைய நேரம் இல்லை. கதவை உள்ளே இருந்து சாத்திவிட்டு, சுழலுகிற மெஷினைப் பார்த்தபடி நின்றார். மெஷின் வேகம் பிடித்து, தரையெல்லாம் அதிரத் தொடங்கியதும் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்தார்.

“ஐயோ என்ர அக்கா! ஊருக்கெல்லாம் மருந்து குடுத்த கைக்கு ஒரு மருந்தும் இல்லாமப் போச்சே!”

அன்ரி எங்கள் ஊர்தான், மாமாவின் கடைக்குப் பின்தெரு. அம்மாவின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், “என்ர ராசா, ரோட்டுப் போடப் போறனெண்டு சொன்னியே, அந்த ரோட்டாலேயே உன்னைத் தூக்கிக்கொண்டு போனாங்களே” என்று அம்மா தொடங்கினார். எனக்கு அழுகையும் வந்தது, அப்பாடா என்றும் இருந்தது. அம்மா இனிச் சாகமாட்டார்.

திடீரென்று மெஷின் நின்றது. அது இடையில் தண்ணீரை மாற்றும். அறை முழுவதும் அமைதி. மேலே யாரோ படியிறங்கும் சத்தம் கேட்டது. இரண்டு பெண்களும் அணைத்த கையை விடாமல், மற்றக் கையால் தங்கள் தங்கள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் வழிய அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி அது உருளத் தொடங்கியதும் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார்கள். அடுத்த முறை மெஷின் மெதுவாகும்போது அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்து, “பிள்ளை, மற்ற மெஷினையும் போட்டுவிடு” என்றார். உள்ளே போட ஒன்றுமில்லை. வெறும் மெஷினைப் போட்டுவிட்டேன். அதன் பிறகு ஒன்று நிற்கும்போது மற்றது ஓடும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று.

அழுது ஓய்ந்ததும் அன்ரி தன் கூடையைத் திறந்தார். மேலே இருந்தவை அலுமாரியில் இருந்து அப்படியே எடுத்து வந்த, அயன் மடிப்புக் குலையாத சுத்தமான துணிகள். அவற்றுக்குக் கீழே துவாயால் சுற்றிய ஒரு சட்டியில் சோறும் பருப்பும், இன்னும் சூடாக. மடிக்கிற மேசையில் வைத்து எனக்குத் தின்னத் தந்தார். அந்தச் சுத்தமான துணிகளை மெஷினுக்குள் போட்டு நனைத்து, நனைந்த கூடையோடுதான் மேலே போனார். படிக்கட்டில் யாராவது கேட்டால் துணி தோய்த்ததாகச் சொல்லவேண்டுமே. போகும்போது ‘போட்டுவாறன்’ என்று சொல்லவில்லை. செத்தவீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு போகும் வழக்கம் இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க அது நடந்தது. புதன் பின்னேரங்களில் அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் இருந்த பெண்களும் ஒவ்வொருவராகக் கூடையோடு இறங்கினார்கள். ஒருத்தி வந்தால் மற்றவள் வரமாட்டாள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியக்கூடாது. சிலருக்கு மாமாவைத் தெரியவே தெரியாது, தங்கள் தங்கள் ஆட்களை நினைத்து அழுதார்கள். இக்காஸ்ட்டில் எங்கள் வீடுகளில் துணிகள் அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை. சலவை அறையில் சாப்பிடுவது கண்டிப்பாகத் தடை என்று கட்டட மேற்பார்வையாளர் டேனிஷில் ஓர் அறிவித்தல் ஒட்டினார். என் மாமாவின் சாவைப் பற்றி டென்மார்க்கில் வெளியான ஒரே அறிவித்தல் அதுதான் என்று அப்பா பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். அப்பாவுக்கு அழ அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. ஆண்கள் யாரும் கூடையோடு வரவில்லை.

சுகி என்னோடு பேசவும் இல்லை. தாய் எங்கே போய்வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று இன்றும் யோசிக்கிறேன். இப்போது அவள் ஓல்போர்க்கில் ஆஸ்பத்திரி வேலை. கலியாணவீடுகளில் காண்கிறோம், பிள்ளைகளின் வயதை விசாரிக்கிறோம், அதற்கு மேல் கதை ஓடுவதில்லை.

அப்பா இப்போது இல்லை. போன வருடம் ராணி அன்ரியும் போய்விட்டார். அம்மா வைலே நகரில் என்னோடு இருக்கிறார். ஊரில் இந்நாளில் சபைத் தேர்தல்கள் வந்து போகின்றன, ஏசுகிறார்களே தவிர யாரும் யாரையும் சுடுவதில்லை. சென்ற இலையுதிர்காலத்தில் இங்கே ஒரு மண்டபத்தில் மாமாவுக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். அம்மாவிடமிருந்து வாங்கிய அந்தப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டிருந்தார்கள். சிரிப்பை அடக்கிய வாய் ஆளுயரத்துக்குப் பெருத்திருந்தது. கதிரைகள் போதவில்லை, பின்னால் ஆட்கள் நின்றார்கள். அந்நாள் தமிழ்ச் சங்கத் தலைவர், தலை முழுக்க நரைத்து, தடியூன்றி மேடைக்கு வந்து, சனங்களின் வோட்டுரிமைக்காக உயிர் கொடுத்த உத்தமர் என்று குரல் தழுதழுக்கப் பேசினார். எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அதோடு, அவர் தழுதழுத்தது நடிப்பில்லை என்றும் தெரிந்தது. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. அம்மா முன்வரிசையில் நிமிர்ந்து இருந்தார். வந்த பெண்கள் கையைப் பிடித்தார்கள், தோளைத் தொட்டார்கள். அம்மாவின் கண் நனையவே இல்லை.

வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றாமல் குளியலறை வாசலில் நின்று, “பிள்ளை, மெஷினில போட உடுப்பு ஏதும் கிடக்கோ?” என்று கேட்டார்.

இக்காஸ்ட் கட்டடத்தைத் திருத்திவிட்டார்கள். வீட்டுக்கு வீடு மெஷின் வந்துவிட்டது. அந்தப் பலகையும் குட்டிப் பூட்டுகளும் எங்கே போயினவோ, கீழறையில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன. அழுக்குத் துணி எதுவும் வீட்டில் இல்லை. அலுமாரியில் மடித்து வைத்திருந்ததில் ஒரு அடுக்கை எடுத்துவந்து மெஷினுக்குள் போட்டேன். என் மகள் எட்டிப் பார்த்து, அதெல்லாம் தோய்த்த உடுப்பென்று டேனிஷில் சொன்னாள். “ஓம், தெரியும்” என்றேன். அம்மாவுக்கு ஒரு முக்காலி போட்டு இருத்தி, நான் தரையில் இருந்தேன். எனக்கு அப்படிச் சொல்லி அழத் தெரியாது. மெஷினைப் போட மட்டும்தான் நான் பழகியிருந்தேன்.

மெஷின் ஓடத் தொடங்கியது. புது மெஷின். அம்மா அதன் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“இது சத்தமே போடுதில்லையே, பிள்ளை” என்றார்.

அம்மாவின் பழகிய கை தானாக வாயைப் பொத்த எழும்பியது. அந்தக் கையைப் பிடித்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அம்மா அழுதது வீடு முழுக்கக் கேட்டது.