அக்கா என்று கூப்பிட்ட இன்னொருத்தி

விருதுநகரில் சபைப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தபோது, பாளையங்கோட்டைப் பக்கமிருந்து புதிய போதகர் ஒருவர் மாற்றலாகி வந்தார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வார்கள். நான் மட்டும் அந்த அம்மாளை அக்கா என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடச் சொன்னதும் அவர்தான். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. கணவருக்கு ரயில்நிலையத்தில் பார்சல் ஆபீஸ் வேலை. வீட்டில் அதிகம் பேசமாட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஐயர் வீட்டுக்குப் போய்விடுவேன். பின்பக்கத் தாழ்வாரத்தில் அக்கா லேஸ் பின்னுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். காபி வரும். அந்த ஒரு மணி நேரம் எனக்கே எனக்கானது என்று நினைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் தினமும் ஆள் வந்து அள்ளும் எடுப்புக் கக்கூஸ்தான். நகராட்சியிலிருந்து ஒருத்தி காலையில் வாளியும் விளக்குமாறுமாகப் பின்சந்து வழியே வருவாள். "அம்மா, தண்ணி ஊத்துங்க" என்று குரல் கேட்டதும் நான் எட்ட நின்று ஊற்றுவேன். அவள் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. கிறிஸ்மஸுக்குப் பழைய சேலை ஒன்றைச் சுவர்மேல் வைப்பேன். அதையே பெரிய தர்மமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் போனபோது, தாழ்வாரத்தில் நான் உட்காரும் இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். குளித்துத் தலைவாரி, மடியில் சிலேட்டு வைத்திருந்தாள். நான் காபி குடிக்கும் அதே டம்ளர் அவள் அருகில் இருந்தது. என்னை அவள் கவனிக்கவில்லை.

"அக்கா, இந்த எழுத்துக்குக் கொம்பு எந்தப் பக்கம் போடணும்?" என்று கேட்டாள். காலையில் பின்சந்தில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் அதே குரல்.

அக்கா!

"வாங்க தங்கச்சி," என்றார் அவர். "இவளுக்கு வாசிக்கப் படிக்கணுமாம். நீங்கதான் டீச்சராச்சே, கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்."

"எனக்குத் தல வலிக்கிக்கா," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவள் செய்த தொழிலை நினைத்து அருவருப்பும் எனக்கு இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அன்று வயிறு எரிந்தது அதனால் அல்ல. கலெக்டர் மனைவி வந்து அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் எரிந்திருக்கும். எனக்கென்று இருந்த ஒரே உறவில் இன்னொருத்தி பங்குக்கு வந்துவிட்டாள்.

பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆள் அனுப்புவார், கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பார்த்தபோது, "உடம்புக்கு முடியலையா?" என்று மட்டும் கேட்டார். அம்புட்டுத்தான். அவள் தினமும் போகிறாள் என்று மட்டும் தெரிந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. அன்றைக்குச் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதை அசனம் என்போம். அவளையும் அக்கா அழைத்திருந்தார். ஏற்பாடு பற்றிப் பேச மாதர் சங்கம் கூடியபோது நான் எழுந்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. வெளியூர்ல இருந்து விருந்தாளுக வருவாக, அவுக மனசு சங்கடப்படக் கூடாதுல்ல? அந்தப் பிள்ளைக்கு கொஞ்சம் தள்ளி இலை போட்டா அவளுக்குமே கூச்சம் இருக்காது."

எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்தார்.

பண்டிகையன்று ஐயர், இயேசு ஊரார் ஒதுக்கிய ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியிருந்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நானும் உருக்கமாகக் கேட்டேன். பிறகு பந்தி. பந்தலுக்கு வெளியே, கேட் ஓரமாக, அவளுக்கு ஒற்றை இலை போட்டிருந்தார்கள். என் பக்கத்து இலை அக்காவுக்கு. அக்கா வந்தார். சோறு பரிமாறியிருந்த இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே நடந்தார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டிகள் நின்றன.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை விட்டுவிட்டு அவளிடம் போய்விட்டார் என்றுதான் தோன்றியது. அக்கா ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. என் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கறிக்குழம்பு பட்டுச்சேலையில் வழிய, போய் அக்காவின் மறுபக்கம் உட்கார்ந்தேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "டீச்சரம்மா, அங்கன வெயிலு அடிக்கி. எம் பக்கத்துல நெழலா இருக்கு, இங்கன வாங்க."

நான் நகரவில்லை. என் பின்னாலேயே சபை மூப்பர் ஒருவரின் மனைவி இலையோடு வந்தார். பிறகு இன்னும் மூன்று பேர். அன்று சாயங்கால ஜெபத்தில் ஐயர், முதலில் எழுந்து வந்தவள் என்று என்னைப் பாராட்டினார். நான் தலை குனிந்தேன். அதைத் தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "நான் அவளுக்காக வரலக்கா. ஒங்களுக்காகத்தான் வந்தேன். அவளத் தள்ளி வைக்கச் சொன்னதும் பொறாமையிலதான்."

"தெரியும்," என்றார். "எனக்கு ஒங்க மேல கோவம் இன்னும் போகல. ஆனா நீங்க வந்து உக்காந்ததுல அவளுக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா? அதக் கெடுக்காதீக."

இரண்டு வருஷத்தில் ஐயருக்கு மாற்றல் வந்தது. போகும்போது அக்கா அவளுடைய படிப்பை என்னிடம் ஒப்படைத்தார். அவள் என் வீட்டு முன்வாசல் வழியாக வந்தாள். பக்கத்து வீட்டம்மா காபித்தூள் இரவல் வாங்க வருவதை நிறுத்திக்கொண்டார். முதல் நாள் அவளுக்குக் காபி கொடுத்த டம்ளரைத் தனியாகக் கழுவி வைத்தேன். ஒரு மாதத்தில் அது மறந்துபோனது. ஒருமுறை அவள் மூன்று நாள் வராததால் நகராட்சிக் குடியிருப்புக்கே தேடிப் போனேன். காய்ச்சலோடு எழுந்து பாய் விரித்தாள். உட்கார்ந்து அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன்.

ஆனால் வாய் திறந்தால் அவளுக்கு அக்கா பேச்சுத்தான். "அக்கா இருந்தா இப்பிடிச் சிடுசிடுன்னு விழ மாட்டாக," என்பாள். தினமும் தொண்டை வற்றச் சொல்லிக் கொடுப்பது நான். அவள் ஏங்குவது எங்கோ இருப்பவருக்காக. எனக்கு மறுபடி வயிறு எரிந்தது. இந்தத் தடவை அக்காமேல்.

ஒருநாள் அவளே ஒரு கார்டு எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். ஸ்டேஷன் பக்கத்துத் தபால்பெட்டி முன்னால் நின்று அதைப் படித்துவிட்டேன். முழுக்க அக்காவைப் பற்றிய விசாரிப்பு. கடைசி வரியில்தான் நான் வந்தேன். டீச்சரம்மா கோவக்காறி, ஆனா நான் வரலேன்னா தேடி வந்துருவாக என்று எழுதியிருந்தாள்.

கோவக்காரிக்கு எந்த ர என்று எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்பேன்! பேனா பையில்தான் இருந்தது. திருத்தாமல் பெட்டிக்குள் போட்டேன்.