பச்சை ஸ்டிக்கர்காரங்க

கொரோனா மொத அலை ஓஞ்ச சமயம். கும்மிடிப்பூண்டியில என் ஊட்டுக்காரர் வேலை செய்யிற இரும்புக் கம்பெனியில எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. நோய எதுத்து நிக்கிற ஆன்டிபாடி ஒடம்புல இருக்குதான்னு பாக்கணுமாம். இவருக்கு ஏற்கனவே ஒருதரம் வந்து போயிருந்துச்சு. அதனால நெறைய இருக்குதுன்னு ரிசல்ட் வந்துச்சு.

அங்க ஒரு எச்.ஆர். மேனேஜர். ஆன்டிபாடி இருக்கிறவங்க ஐ.டி. கார்டுல பச்சை ஸ்டிக்கர் ஒட்டணும்னு அந்த மேதாவிக்குத்தான் தோணுச்சு. பச்சைக்கு மாஸ்க் வேணாம். கம்பெனி பஸ்ல பச்சையெல்லாம் நெருக்கி அடிச்சிக்கினு உக்காரலாம். காய்ச்சல்னு ஷெட்டுல படுத்துக் கெடக்கிற வடநாட்டு ஆளுங்களுக்கு சோறு கொண்டு போறதும், அங்க பெருக்கித் தொடைக்கிறதும் பச்சை தலையிலதான். இன்னா மூளை.

இவரு மட்டும் லேசுப்பட்ட ஆளா? பொன்னேரி மார்க்கெட்டுக்குக்கூட அந்தக் கார்ட மாட்டிக்கினு போவாரு. மாஸ்க் போடுய்யான்னா, “எனுக்கு உள்ளாரயே போட்டுக்குது”ம்பாரு. எனக்குப் பத்திக்கினு வரும்.

ரெண்டாவது அலையில மறுபடி வந்துச்சு. மூச்சு உட முடியல. ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வெச்சாங்க. ஸ்டிக்கர் கதையக் கேட்டுட்டு டாக்டரம்மா தலையில கைய வெச்சிக்கினாங்க. “ஆன்டிபாடி நாளாக நாளாகக் குறையும்மா. கிருமியும் மாறிக்கிட்டே இருக்கு. திரும்ப வராதுன்னு எவன் சொன்னான்?”

எவன்னு சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. மொதல்ல இவரு பொழைக்கட்டும்னு அப்ப அடக்கிக்கினேன்.

பொழைச்சாரு. ஆனா பாத்ரூம் போய் வர்றதுக்குள்ள செவுத்தப் புடிச்சிக்கினு நிப்பாரு. கம்பெனியில இருந்து ஊட்டுக்கே ஆள் அனுப்பி திரும்ப ரத்தம் எடுத்துக்கினு போனாங்க. அப்புறம் மேனேஜரே ஆப்பிள் பையோட வந்தாரு. சேர இழுத்துப் போட்டுக்கினு உக்காந்து, “ஆன்டிபாடி முன்னைவிட ஏறியிருக்கும்மா, சூப்பர். திங்கக்கிழமையில இருந்து வரச் சொல்லுங்க”ன்னாரு.

“அப்ப அந்த ஆன்டிபாடிய மட்டும் இட்டுக்கினு போ சார், வேலை செய்யட்டும். ஆளு என்கிட்டயே இருக்கட்டும்”னேன்.

ஜோக்குன்னு நெனச்சிக்கினு சிரிச்சாரு. தன் வேலைக்கு நான் வேட்டு வெச்சிடுவேனோன்னு உள்ள படுத்திருந்த இவருக்கு பயம். “வர்றேன் சார்”னு சத்தம் குடுத்தாரு. ரெண்டே வார்த்தை, அதுக்குள்ள இருமல் புடிச்சி மூச்சு இழுக்க ஆரம்பிச்சிச்சு. நான் உள்ள ஓடுனேன்.

நெஞ்ச நீவி உட்டுக்கினே திரும்பிப் பாத்தா சேர்ல ஆளக் காணோம். மேனேஜர் வாசலத் தாண்டி, தெருவுல போய் நின்னுக்கினு இருந்தாரு. அங்க இருந்தே சொன்னாரு, “பாருங்கம்மா, அவரே வர்றேங்கிறாரு.”