மடக்கிய குடை

மஞ்சூர் சாலையில் ஜீப் ஹாரன் கேட்டதும், கொட்டும் மழையில் என் கை தானாகக் குடையை மடக்கியது.

சிறுவயதில் எங்கள் எஸ்டேட்டில் அப்படித்தான். துரையின் ஜீப் கடக்கும்வரை எல்லோரும் குடையை மடக்கிவிட்டு நனைய வேண்டும்.

"ரஷ்யாவுல சனங்க ராசாவையே வெரட்டிட்டாங்க, கண்ணு," என்பார் யூனியன்காரரான அப்பா.

தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து துரையை விரட்டினார்கள். அடுத்த மழையில் அதே ஜீப்பில் யூனியன் தலைவர் வந்தார்.

"ஏனுங்க, கொடைய மடக்குங்க!" என்று அப்பாவின் பக்கத்தில் நின்றவர் பதறினார். அப்பா மடக்கவில்லை. மறுவாரமே அவரை யூனியனிலிருந்து நீக்கினார்கள்.

"ராசா போனப்புறம் ரஷ்யாவுல என்னாச்சுங்கப்பா?" என்று கேட்டேன்.

"ராசா கோட்டையில கட்சி போயி உக்காந்துச்சு. ஏன்னு கேட்டவனெல்லாம் செயிலுக்குப் போனான்."

அந்த மீதிக் கதை அவருக்கு முன்பே தெரியும். அதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

மஞ்சூர் சாலையில் ஜீப் என்னைக் கடந்துபோனது. உள்ளே யாரோ சுற்றுலாப் பயணிகள். நான் நனைந்துகொண்டு நின்றேன்.